தலை சிவந்த முளைக்குச்சிகள்

"ஒண்ணு விடாமப் புடுங்கிட்டேன் புள்ள! இனி எவன் வந்து ரோடு போடறான்னு பாத்துப்போடறேன்" என்றபடி ஐயாக்கண்ணு ஒரு கட்டு முளைக்குச்சிகளை அடுப்பருகே போட்டார்.

நாகலூருக்கு மேலே, சரிவில் தனியாக நிற்கிற வீடு அது. புது ரோடு தன் வீட்டையும் காப்பிச் செடிகளையும் வாரிக்கொண்டு போகப்போகிறது என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து மனிதருக்குத் தூக்கமில்லை. அக்கம்பக்கத்துக் காட்டுக்காரர்களைத் திரட்டிக்கொண்டு போன வாரம் சேலத்துக்குப் போய், கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து மனுக் கொடுத்துவிட்டு வந்தார். வந்து பார்த்தால் சரிவெல்லாம் முளை! கோபம் வருமா, வராதா?

அவர் மனைவி அத்தாயிக்கு நிறைமாதம். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தவள், குச்சிகளைப் பார்த்ததும் முகம் வெளுத்துப்போனாள்.

"இத எங்கிருந்துங்க புடுங்குனீங்க?"

"இடுகாட்டு ஓரத்துல ஆரம்பிச்சு, நேரா நம்மூட்டு வேலி வரைக்கும் அடிச்சு வெச்சிருக்கானுங்க. தலையில செவப்புப் பெயிண்டு வேற! சர்க்கார் முளைன்னா சும்மாவா?"

"ஏனுங்க, உங்க காலப் புடிச்சுக்கறேன். இப்பவே கொண்டுபோய் இருந்த எடத்துல அடிச்சிருங்க."

"போலீசு வந்துருமுன்னு பயமா? வரட்டுமே. நானாச்சு, அவனாச்சு" என்று சிரித்துக்கொண்டே இரண்டு குச்சிகளை அடுப்பில் சொருகினார்.

அத்தாயி குனிந்து அவற்றை இழுக்கப் பார்த்தாள். இடுப்பு பிடித்துக்கொண்டது.

"பனி எறங்கறதுக்குள்ளயாவது அடிச்சிருங்களே" என்று அழ ஆரம்பித்துவிட்டாள்.

பனி அதற்குள் இறங்கிவிட்டிருந்தது. வாசலில் நிற்கிற பலாமரம்கூடத் தெரியவில்லை. யாரைக் கண்டாலும் குரைத்துத் தள்ளுகிற நாய், அன்று சத்தமே போடாமல் வந்து கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டது.

"உள்ள யாருங்க?" என்று வெளியே குரல் கேட்டது.

ரோடு ஓவர்சியர் கோவிந்தராஜ். சேலத்துக்காரர். ஜீப்பைக் கீழேயே விட்டுவிட்டு ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது.

"ஐயாக்கண்ணு, உங்க மனு பலிச்சிருச்சுங்க! ரோடு கீழ்ப்பக்கமாப் போகுது. உங்க ஊட்டுக்கும் காட்டுக்கும் ஒரு சேதாரமும் இல்லீங்க."

ஐயாக்கண்ணுக்குத் தலைகால் புரியவில்லை. கையெடுத்துக் கும்பிட்டார். வந்த சந்தோஷத்தில் மனசில் இருந்ததும் வெளியே வந்துவிட்டது.

"நொம்ப சந்தோசமுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க, நீங்க அடிச்ச முளையெல்லாத்தையும் இப்பத்தான் புடுங்கிப்போட்டேன்."

"முளையா? நாங்க எங்கீங்க அடிச்சோம்? இந்தச் சரிவுக்கு எங்க ஆளு ஒருத்தன்கூட இன்னும் வரலீங்களே!"

ஐயாக்கண்ணு மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

"அது பெயிண்டு இல்லீங்க, குங்குமம்" என்றாள் அத்தாயி. "ஆராயி அக்கா தெனமும் கனவுல வந்து என் வயித்தத் தொட்டுத் தொட்டுப் பாக்குதுங்க. நீங்க சேலம் போனப்ப மாதையன் பூசாரியக் கூட்டியாந்து, அது வர்ற வழிய மறிச்சு முளையடிச்சுக் கட்டுப் போட்டேன். சொன்னா உங்க மனசு தாங்காதுன்னுதான் மறைச்சேன்."

ஆராயி ஐயாக்கண்ணுவின் மூத்த தாரம். தலைப்பிரசவத்துக்கு ஏற்காட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போகிற வழியிலேயே, பிள்ளையோடு போய்ச் சேர்ந்தவள். அவள் பேரைக் கேட்டாலே கண் கலங்கிவிடுகிறவர், இப்போது பயத்தில் அடுப்புக்குள் கையை விட்டு எரிகிற குச்சிகளை வெளியே இழுத்துப் போட்டார். பாதிக்கு மேல் கரியாகிவிட்டிருந்தன.

கோவிந்தராஜுக்கு ஒன்றும் விளங்கவில்லை. புருஷன் பெண்டாட்டி சமாசாரம், நமக்கு எதற்கு வம்பு என்று குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனவர், போன வேகத்தில் வாசல்படிக்குத் திரும்பி வந்து எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, பச்சக் கொழந்தையத் தூக்கிக்கிட்டு ஒரு அம்மா பனியில நிக்குதுங்க. உள்ள வரலாமான்னு கேட்டுச்சு... தாராளமா வாம்மான்னு சொல்லிட்டேன்."