பட்டறைப் பேச்சு

பழைய பாகங்கள் எல்லாம் அன்று சாயங்காலத்தோடு தீர்ந்துபோயின.

திரையில் விண்கலம் இருட்டுக்குள் போய் மறைந்தது. 'மீளாக்கலம்' தொடரின் கடைசிப் பாகம் நாளை மத்தியானம் வெளியாகும் என்று எழுத்து ஓடியது. நண்பனின் முகத்துக்கு நேராகச் செல்போனைப் பிடித்திருந்த தண்டாயுதபாணி வலித்த கையை உதறிக்கொண்டான்.

அன்பரசு கட்டிலில் தலையணைகளுக்கு நடுவே சாய்ந்திருந்தான். தொண்டைப் புற்று என்று குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஓட்டை, மூக்கில் கஞ்சி போகிற குழாய்; சாப்பாடு அது ஒன்றுதான். அப்படியும் நோய் விடவில்லை. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் அனுப்பிவிட்டார். எதையாவது எழுதிக் காட்டலாம் என்றால் விரல் நிற்காது.

இருவருக்கும் எடப்பாடியில் ஒரே பட்டறை, பக்கத்துப் பக்கத்துத் தறி. விசைத்தறிச் சத்தத்தில் கத்தினாலும் காதில் விழாது என்பதால் அங்கே யாரும் கத்துவதில்லை. உதட்டை மட்டும் அசைப்பார்கள், எதிரில் இருப்பவன் படித்துக்கொள்வான். முதலாளியை அவருக்குப் பின்னால் நின்று திட்டுவதற்கு இதைவிட வசதி கிடையாது.

அந்தத் தொடரையும் தறிமேல் போனைச் சாத்திவைத்து, கீழே ஓடும் தமிழ் எழுத்தைப் படித்தே பார்த்தார்கள். வெள்ளைக்காரனின் வாய் ஒன்று சொல்லும், எழுத்து இன்னொன்று சொல்லும். உதட்டைப் படித்தே பழகியவர்களுக்கு அது பெரிய ரோதனை. கலத்தை ஓட்டும் கேப்டனின் குரலை முதன்முதலாகக் கேட்டதே இந்த அறையில்தான். அத்தனை பெரிய ஆளுக்குக் கீச்சுக்குரலில் டப்பிங் பேசியிருந்தார்கள். அன்பரசு வயிறு குலுங்கச் சத்தமில்லாமல் சிரித்தான்.

அதற்கப்புறம் அவன் சிரிக்கவில்லை.

கடைசிப் பாகம் வருவதற்குள் எல்லாவற்றையும் மறுபடி பார்த்துவிடலாம் என்று ஆரம்பித்தது பாணிதான். பூமியை விட்டுக் கிளம்பிய கலம் திரும்பி வருமா வராதா என்று தெரியாமல் அன்பரசு போய்விடக் கூடாது என்று எல்லோரிடமும் சொன்னான். உண்மையில் பாணிக்கு அவன் போகவே கூடாது. நாளுக்கு ஒரு பாகம் என்று இழுத்து இழுத்துக் காட்டினான்.

அன்பரசுவின் தாய் பெருமாயி வாசற்படியில் உட்கார்ந்திருப்பாள். களைவெட்டுக்குப் போய்ப் பிழைத்தவள், பட்டறைப் பேச்சு அவளுக்குத் தெரியாது. மகனின் உதடு அசைந்தால் போதும், எட்டிப் பார்ப்பாள்.

“என்ன சாமி சொல்றான்?”

“கேப்டன் ஊடு வந்து சேருவானான்னு கேக்கறானுங்க ஆத்தா.”

தினமும் பாணி சொல்லும் பதில் அதுதான். கதை முடிவதைப் பார்க்கத்தான் மகன் உயிரைப் பிடித்துவைத்திருக்கிறான் என்று கிழவி நம்பினாள். முகம் தெரியாத அந்தக் கேப்டனுக்கும் சேர்த்துச் செல்லாண்டியம்மனிடம் வேண்டிக்கொண்டாள்.

அன்பரசு ஒரு நாளும் கேப்டனைப் பற்றிக் கேட்டதில்லை.

'போதும்டா பாணி. வலி தாங்கல. கொழாயை எடுத்துரு.' தினமும் அவன் சொன்னது அதைத்தான். படித்துவிட்டுப் பாணி தலையைக் குனிந்துகொண்டு அடுத்த பாகத்தைத் தேடுவான். பெற்றவளிடம் இதை எந்த வாயால் சொல்வது? வெண்ணிலாவிடம்தான் எப்படிச் சொல்வது?

அன்பரசுவின் மனைவி வெண்ணிலா கஞ்சியைச் சிரிஞ்சில் ஏற்றிக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்கு முன் நூல் மில்லில் அறுந்த இழைகளைப் பிணைத்த கை, ஒரு சொட்டுச் சிந்தாது. பாணி சொல்லும் பதில்களை அவள் காதில் வாங்கிக்கொண்டதாகவே காட்டிக்கொள்வதில்லை.

இன்று அன்பரசுவின் உதடு வேறு மாதிரி அசைந்தது.

'நாளைக்கு நேரத்துல வந்துரு. நீ பக்கத்துல இருக்கணும்.'

பாணிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முடிவைப் பார்க்கிற ஆசை வந்துவிட்டது இவனுக்கு. இத்தனை நாளில் முதல்முறையாக எதையும் மறைக்காமல் சொல்லலாம். வாசல் பக்கம் திரும்பிச் சத்தமாகவே சொன்னான்.

“ஆத்தா, நாளைக்கு நேரத்துல வரச் சொல்றானுங்க. கடைசிப் பாகத்துக்கு நான் பக்கத்துல இருக்கணுமாமா!”

பெருமாயி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வெண்ணிலா நிமிர்ந்தாள். மாமியார் பார்க்காதபடி வாசலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு பாணியை நேராகப் பார்த்தாள். அவள் உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை.

நூல் மில்லிலும் காது கேட்காது என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

'அவரு தினமும் கேட்டது எனக்கும் தெரியுமுங்ணா. நேத்து நான் சரின்னுட்டேன். நாளைக்குக் கதை முடிஞ்சதும் கொழாயை எடுத்தர்றேன்னு சொல்லியிருக்கேன்.'

சொல்லிவிட்டு அவள் குனிந்து குழாயில் கஞ்சியை விட்டாள். ஒரு சொட்டும் சிந்தவில்லை. அன்பரசு கண்ணை மூடிப் படுத்திருந்தான். பல நாளாக நெற்றியில் கிடந்த சுருக்கம் இன்று இல்லை. பாணி போனைப் பார்த்தான். நாளை, நாளை என்று எழுத்து இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

“அப்ப நேரத்துலயே வந்துரு சாமி,” என்றாள் பெருமாயி. “உனக்கும் சேத்துச் சோறாக்கி வெக்கறேன்.”

வாரனுங்க ஆத்தா என்று பாணி வாயைத் திறந்தான், உதடு மட்டும் அசைந்தது.

“என்ன சொன்னே சாமி? காதுல உழுவுல.”