மைனஸ் நாற்பத்தொன்று

“பட்டன் எங்கே மாப்ளே? கறுப்பா ஒரு திரை, வெள்ளையா நாலு எழுத்து. இதுவா எங்கப்பாவைக் கண்டுபிடிக்கப் போகுது?”

“பட்டன் கிடையாது மச்சான். இது லினக்ஸ். எழுதிச் சொன்னாத்தான் கேக்கும்.”

கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் மருமகன், வீட்டுக்கு முன்னால் நடுத்தெருவில் லேப்டாப்பை ஒரு கையில் ஏந்திக்கொண்டு ‘ஸ்கேன் ஆன்’ என்று தட்டினான். போகிறவர் வருகிறவரின் போன், வாட்ச் எல்லாம் எண்களாக வரிசை கட்டி வந்தன.

“இதோ, மாமாவோட காது மிஷின்! போன மாசம் கட்டிலுக்கடியில தொலைஞ்சப்போ இதே நம்பரை வச்சுத்தான் பிடிச்சேன். மைனஸ் நாற்பத்தொண்ணு. பத்தடிக்குள்ள இருக்காரு.”

“மைனஸ்னா இல்லேன்னுதானே அர்த்தம்?”

“மைனஸ் தொண்ணூறுன்னா தூரம். நாற்பதுன்னா பக்கம்.”

“உங்க தொழில்ல எதுதான் நேரா இருக்கு!”

காலையில் முடிவெட்டப் போன பெரியவர் திரும்பவில்லை. நாலு மணிக்கு முதியோர் இல்லத்து வேன் வந்துவிடும். அங்கே ஓர் இடம்தான் காலி. இன்று ஆளை அனுப்பாவிட்டால் அதுவும் போய்விடும். அம்மா மட்டும் மகன் வீட்டிலேயே இருக்கலாம் என்று முடிவாகியிருந்தது. அம்மா சமைப்பாள், துவைப்பாள். அப்பா இருமுவார். அவ்வளவுதான் வித்தியாசம்.

அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, வாசலில் பக்கத்திலேயே நின்றிருந்த அம்மாவையும் கூட்டிக்கொண்டு இருவரும் சலூனுக்குப் போனார்கள். ஆள் இல்லை. திரையில் மைனஸ் நாற்பத்திரண்டு. பூங்காவில் நாற்பது. மருந்துக்கடை வாசலில் மறுபடியும் நாற்பத்தொன்று.

“எங்கே போனாலும் பத்தடியிலயே இருக்காரா? என் தோள் மேல உக்காந்திருக்காரா பாரு!”

மருமகன் தலையைச் சொறிந்தான். ப்ளூடூத்தை அணைத்துப் போட்டான். லேப்டாப்பைத் தலைக்கு மேல் தூக்கிப் பார்த்தான். எண் அசையவில்லை.

“மச்சான், ஒண்ணுதான் தோணுது. மாமா நம்ம பின்னாடியே வர்றாரு.”

மகன் சடாரென்று திரும்பினான். பின்னால் வந்துகொண்டிருந்த தபால்காரர் மிரண்டுபோய் ஒதுங்கினார்.

“ஆமாடா,” என்றாள் அம்மா. “அந்தச் சந்துல செருப்புச் சத்தம் கேட்டுச்சு. அவர் நடையேதான்.”

சந்துக்குள் ஓடினார்கள். அம்மாவும் மூச்சிரைக்கக் கூடவே ஓடினாள். உள்ளே ஒரு பூனைதான் இருந்தது. மைனஸ் நாற்பத்தொன்று.

“பூனைக்கு மிஷின் மாட்டியிருக்கா பாரு மாப்ளே! இதைக் கட்டிக்கிட்டு எப்படித்தான் பொழைக்கிறியோ.”

“மிஷின் பொய் சொல்லாது மச்சான்.”

“அப்போ எங்கப்பா எங்கேய்யா?”

பேருந்து நிலையத்துக்கு வந்தபோது மணி மூன்றரை. அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள்.

“என்னால இனிமே ஒரு அடி வைக்க முடியாதுடா. நீங்க கடைவீதியை ஒரு சுத்து பாத்துட்டு வாங்க.”

கடைவீதியில் முதன்முறையாக எண் மாறியது. அறுபது. எண்பது. தொண்ணூற்றைந்தில் திரையிலிருந்தே மறைந்தது.

“பாத்தியா, தப்பிச்சுட்டாரு!” என்று மகன் கத்தினான்.

“அத்தை உக்காந்த பக்கம்தான் சிக்னல் பலமா இருந்துச்சு. வாங்க மச்சான்!”

விழுந்தடித்துக்கொண்டு திரும்பி ஓடினார்கள். திரையில் எண் வரவே இல்லை. பெஞ்சும் காலி.

“என்ன மாப்ளே இது? அப்பாவைத் தேட வந்தா, அம்மாவையும் காணோம்!”

மருமகன் மறுபடியும் ‘ஸ்கேன் ஆன்’ என்று தட்டினான்.

ஊர் எல்லையைத் தாண்டிக்கொண்டிருந்த பேருந்தில் அம்மா கைக்குட்டையின் முடிச்சை அவிழ்த்தாள். முன்னதாகவே ஏறி இரண்டு பேருக்கு இடம் போட்டு உட்கார்ந்திருந்த கிழவரின் காதில் மிஷினை மாட்டிவிட்டுக் கேட்டாள்: “இப்போ கேக்குதா?”