ஐந்து எண்ணினால் ஒரு மைல்

சாம்பிள் வெடி இன்னும் வெடிக்கவில்லை.

மாடி வகுப்பின் கிழக்குச் சன்னலருகே நின்றிருந்த ஆசிரியை இசபெல், வருகை தந்திருந்த ஆய்வாளர் நல்லசிவம் அவர்களிடம் மீண்டும் வருத்தம் தெரிவித்தார்.

"மன்னிக்கணும் ஐயா. சனிக்கிழமைன்னா பதினொரு மணிக்கெல்லாம் போட்டுருவாக. இன்னைக்குப் பாத்து இப்படி..."

ஆய்வாளர் புன்னகை செய்து, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

அறிவில் சிறந்த பிள்ளைகளுக்கென மதுரையில் புதிதாகத் தொடங்கப்படவிருந்த விடுதிப் பள்ளிக்கு, இந்த ஊரிலிருந்து ஒரே ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்துச் செல்வதே அவருடைய பணி.

அந்தப் பிள்ளை செல்லக்கனியாகத்தான் இருப்பாள் என்பதில் இசபெல்லுக்கு ஐயம் இருந்ததில்லை. இன்று காலை தம்முடைய ரிப்பனையே அவள் தலையில் கட்டிவிட்டிருந்தார்.

மதுரைக்குப் போய்விட்டால், பள்ளி விட்டதும் பட்டாசுக் கொட்டகைக்கு ஓடி, இருட்டும்வரை திரி சொருக வேண்டியதில்லை. நகக்கண்களில் ஒட்டிக்கொண்டு, கழுவினாலும் போகாத அந்த வெள்ளிப் பொடியும் மெல்ல மெல்லப் போய்விடும்.

சனிக்கிழமைதோறும், கூர்மதி கொண்ட பிள்ளைகள் நால்வருக்கு மட்டும் இசபெல் நடத்திவந்த தனி வகுப்பில், பாடநூலில் இல்லாதவையே பாடம்.

ஒரு மைல் தொலைவிலிருந்த பொட்டலில் பட்டாசுக் கம்பெனிக்காரர்கள் வெடித்துப் பார்க்கும் சாம்பிளையும் அவர் பாடமாக்கியிருந்தார். புகை கண்ணில் பட்டதும் எண்ணத் தொடங்க வேண்டும். சத்தம் காதில் விழுந்ததும் நிறுத்த வேண்டும். ஐந்து எண்ணினால் ஒரு மைல்.

அதற்கெனத் தரையில் சுண்ணக்கட்டியால் வட்டங்கள் வரைந்திருந்தவள் செல்லக்கனி. நடுவில் பள்ளி. மைலுக்கு ஒரு வட்டம். எந்தத் தொலைவில் எது இருக்கிறது என்பதையும் அவளே கேட்டறிந்து சிறு சிறு படங்களாக வரைந்திருந்தாள்.

இந்த வகுப்புக்கு அவள் வர முடிந்தது, அவளுடைய தாயார் வள்ளித்தாய் பள்ளி வாசலில் வந்து நின்று கொடுத்த வாக்கினால்தான்.

"இவ சனிக்கிழம வேலையையும் சேத்து நானே பாத்துக்கிடுதேன், டீச்சரம்மா. நாள் முச்சூடும் இவ கையில வெடிமருந்து படாம இருந்தாச் சரி."

அந்த வாக்கின்படியே, சனிக்கிழமைகளில் அவர் கொட்டகையில் மகளின் பங்கையும் சேர்த்துத் திரி சொருகிவந்தார்.

ஆய்வாளர் தம் குடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது போலும்.

வெடி சீக்கிரம் வெடிக்க வேண்டும் என்று இசபெல் கண்களை மூடி ஜெபித்தார்.

கண்களைத் திறந்தபோது, கிழக்கே புகை எழுந்துகொண்டிருந்தது.

"எண்ணுங்க! எண்ணுங்க!"

பிள்ளைகள் சன்னலில் மோதிக்கொண்டு எண்ணத் தொடங்கினார்கள். வழக்கத்தைவிடப் பருமனான புகை. ஆய்வாளர் வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு, கம்பெனிக்காரர்கள் பெரிதாகவே போட்டிருக்கிறார்கள் போலும் என்று இசபெல் மகிழ்ந்தார்.

செல்லக்கனி விரல் மடக்கி எண்ணுபவள். ஒரு கையின் ஐந்து விரல்களும் மடங்கின.

சத்தம் வரவில்லை.

ஆறாவது விரலை அவள் மடக்கவில்லை.

மற்றவர்கள் பத்து என்று கூவிய கணத்தில் சன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன.

"பத்து! ரெண்டு மைலு, டீச்சர்!" என்று துள்ளினான், அச்சக முதலாளியின் மகன் தனுஷ்கோடி.

"எனக்குப் பன்னெண்டு வந்துச்சு" என்றான் அருகிலிருந்த நேசகுமார்.

"ஏலே, நீ எண்ணுத வேகத்துக்கு வெடி மதுரையிலதாம்லே வெடிச்சிருக்கும்!" என்று கேலி செய்தான் தனுஷ்கோடி.

ஆய்வாளர் வாய்விட்டுச் சிரித்தார். குடையைக் கீழே வைத்துவிட்டுச் செல்லக்கனியைத் தேடினார். அவள் சன்னலை விட்டு விலகி, தரையில் வரைந்திருந்த வட்டங்களுக்குள் வந்து நின்றிருந்தாள்.

"நீதான் செல்லக்கனியா? டீச்சர் ஒன்னப் பத்தித்தான் எழுதியிருந்தாங்க. சொல்லு தாயி, எம்புட்டுத் தூரம்?"

"மூணு மைலு, ஐயா."

அவள் கணக்கில் தவறி இசபெல் கண்டதே இல்லை.

"மத்த பிள்ளைக ரெண்டுங்காகளே" என்றார் ஆய்வாளர், பரிவோடு. "அவசரமில்ல. நல்லா யோசிச்சுச் சொல்லு."

செல்லக்கனி சன்னலுக்கு வெளியே பார்த்தாள். புகையின் அடிப்பாகம் கறுக்கத் தொடங்கியிருந்தது.

"நாலுகூட இருக்கும், ஐயா."

ஆய்வாளர் பெருமூச்சு விட்டுப் பேனாவைத் திறந்தார். தனுஷ்கோடியின் தகப்பனார் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

கீழே தெருவில் பலர் கிழக்கு நோக்கி ஓடும் காலடி ஓசை கேட்டது.

அவளுக்காக இன்னொரு வாய்ப்புக் கேட்கலாமா என்று தயங்கிய இசபெல், ஆய்வாளரின் முகத்தைப் பார்க்கக் கூசித் தரையைப் பார்த்தார்.

மூன்றாவது வட்டத்தில், ஆளில்லாத பெரிய கண்மாயின் அலைகள். அதற்கு அப்பால் வெறும் தரை.

இரண்டாவது வட்டத்தில், தன் தாயாரின் கொட்டகை என்று அவள் வரைந்திருந்த சிறு சதுரம் தெரியவில்லை.

அதன்மேல் செல்லக்கனியின் இரண்டு பாதங்களும், விரல்கள் வெளுக்க அழுந்தியிருந்தன.