படித்துக் காட்டிய மனு

"விவாகரத்துதானே கேக்குறார், கொடுத்துட்டுப் போறேன் சார். ஆனா கட்டின புருஷன்கிட்டப் போய் நஷ்டஈடு கேக்கச் சொல்றீங்களே, அசிங்கமா இல்லையா?"

தையல்காரி இப்படிக் கேட்டதும் வக்கீலுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"எதும்மா அசிங்கம்? ஆறு வருஷம் மெஷினோட மல்லுக்கட்டி அவரை டாக்டராக்கினது நீங்க. பட்டம் கைக்கு வந்ததும் உங்களைக் கறிவேப்பிலையாத் தூக்கிப் போட்டது அவர். இதுல யாரு வெட்கப்படணும்?"

"நம்ம குடும்பம்னு நினைச்சுத்தானே சார் செஞ்சேன்..."

"பொண்டாட்டி உழைப்புன்னா அவ்வளவு இளக்காரமா? விடக் கூடாதும்மா!"

மேஜையில் ஓங்கித் தட்டினார். டீ கிளாஸ் ஒரு துள்ளு துள்ளியது.

தையல்காரிக்குக் கண் கலங்கிவிட்டது. கூடப்பிறந்த அண்ணன்கூட அவளுக்காக இவ்வளவு பரிந்து பேசியதில்லை. இருந்தாலும் மனசு ஒப்பவில்லை. கையெழுத்துப் போடாமல் எழுந்து போனால் பழைய மெஷினும் வாடகை வீடும்தான் மிச்சம் என்று தெரிந்தும் ஒப்பவில்லை.

வக்கீல் மனுவை மளமளவென்று சொல்லச் சொல்ல, மூலையில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் அடித்துக்கொண்டே வந்தாள். அவர் சொல்லி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் அடித்தாள். பிரிண்டர் இரண்டு முறை ஓடியது.

எந்த மனுவையும் வாய்விட்டுப் படிக்கக் கேட்டால்தான் வக்கீலுக்குத் திருப்தி. நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"ம், படி."

"என் கணவர் படித்த ஐந்து ஆண்டுகளும்..."

"ஆறு! காது அடைச்சிருக்கா?"

"ஓட்டலில் பாத்திரம் கழுவி அவருக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டினேன்..."

"துணி தைச்சுன்னு சொன்னேன்! கவனம் எங்கே இருக்கு?"

"பரவாயில்லை, திட்டாதீங்க சார்" என்றாள் தையல்காரி. அவளுக்கே பாவமாக இருந்தது.

அந்தப் பெண் நிறுத்தவில்லை.

"அவர் வக்கீல் ஆன நாளிலிருந்து, சம்பளம் இல்லாமல் அவர் ஆபீஸிலேயே டைப் அடிக்கிறேன்..."

வக்கீல் கண்ணைத் திறந்தார்.

"என்ன உளர்றே? இவங்க மனுவைப் படி."

"அவங்க மனு தப்பில்லாம மேஜை மேல இருக்குங்க. இது என்னுது" என்றாள் வக்கீலின் மனைவி.

தையல்காரி பேனாவுக்குக் கையை நீட்டினாள்.