மூன்றாம் வரி

அவன் கண்ணைத் திறக்கவில்லை.

சமையலறையில் குழாய் சன்னமாக ஓடியது. தட்டுகள் உரசாமல் அடுக்கப்படும் ஓசை. மூடியைக் கீழே வைக்குமுன் அடியில் விரலைக் கொடுத்து, சத்தம் எழாமல் இறக்கும் அந்தப் பதவிசு.

அவன் தூக்கம் கலையக் கூடாதென்று அவள் அப்படித்தான் செய்வாள்.

மனைவியை அடக்கம் செய்த மறுநாளிலிருந்து விடியுமுன் இது கேட்கிறது. கண்ணைத் திறந்தால் நின்றுவிடும் என்று அவனுக்குத் தெரியும். கல்லூரியில் படித்த பகுத்தறிவெல்லாம் அந்த நேரத்துக்கு உதவவில்லை. தண்ணீருக்கு அடியில் கிடப்பவன் போல, போர்வைக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடப்பான். சத்தம் ஓய்ந்ததும் மறுபடி தூங்கிப்போவான்.

பகலில் பார்த்தால், துக்கம் கேட்க வந்தவர்கள் குடித்துப் போட்ட டம்ளர்களெல்லாம் பளிச்சென்று கவிழ்ந்திருக்கும். யார் கழுவினார்கள் என்று ஒருவரிடமும் கேட்கவில்லை.

பதில் கிடைத்துவிட்டால்?

இன்று தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில் ஒரு முணுமுணுப்பும் வந்தது. அவளுடைய பாட்டு.

சபைப் பக்கம் போவதை அவன் நிறுத்தி வருஷங்கள் ஆகியும், அந்தப் பாட்டு மட்டும் காதில் தங்கியிருந்தது. மூன்றாம் வரியில் ராகம் மேலே ஏற வேண்டும். அவள் இறங்கிவிடுவாள். “கடவுளே காதைப் பொத்திக்குவார்டி” என்று அவன் கேலி செய்யாத நாளில்லை. அவள் சிரிப்பாளே தவிர, திருத்திக்கொண்டதில்லை.

முதல் வரி. இரண்டாம் வரி.

குழாய் நின்றது. மூன்றாம் வரி, அதே இடத்தில் இறங்கியது.

ஆண்குரல்.

அவன் எழுந்துவிட்டான்.

சமையலறையில் விளக்கு எரியவில்லை. கைத்தடி கதவோரம் சாய்ந்திருந்தது. இருட்டில் ஒருவர் சட்டைக் கையை மடித்துவிட்டு, தட்டும் கையுமாக நின்றார். அவளுடைய சபையைச் சேர்ந்தவர்; அவளைத் தங்கச்சி என்று கூப்பிடும், பிரம்பு நாற்காலி பின்னுகிற, பார்வையில்லாதவர். அடக்கத்தன்று ஆளுக்கொரு வேத வசனம் சொன்னபோது, இவர் மட்டும் தடவித் தடவி வந்து அவன் தோளைத் தொட்டுவிட்டுப் போனவர்.

“எழுப்பிட்டேனா மாப்ள? கதவைத் தாழ் போட மாட்டீங்களா? கண்டவனும் வருவான். காணாதவனே வந்துட்டேன் பாருங்க.”

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. போய்விட்டாள். இந்தத் தடவை நிஜமாகவே போய்விட்டாள்.

“அவ தப்பாப் பாடுற மாதிரியே பாடுறீங்களேண்ணே.”

அவர் கையிலிருந்த தட்டின் விளிம்பைப் பிசுக்கு இருக்கிறதா என்று விரலால் ஒரு சுற்றுத் தடவினார்.

“உங்க கல்யாணத்துக்கு முன்னாடி மாப்ள. என் வீட்டுக்காரி போயிட்டா. நானும் இப்படித்தான் சுருண்டு கிடந்தேன். எல்லாரும் ஜெபம் பண்ணிட்டுப் போனாங்க. தங்கச்சி மட்டும் தினம் விடியக்காலையில வந்துச்சு. ஒரு வார்த்தை பேசாது. பாத்திரத்தைக் கழுவிக்கிட்டே பாடும். ஒருநாள், என் வீட்டுக்காரிதான் திரும்பி வந்துட்டாளோன்னு எழுந்து உட்கார்ந்துட்டேன்.”

குழாய் ஒரு சொட்டு விட்டது.

“தங்கச்சிக்கு அந்தப் பாட்டு நல்லாவே தெரியும். மூணாவது வரியில இறங்குறது என் வீட்டுக்காரி. எனக்காகத் தப்பாப் பாடிப் பாடி, தங்கச்சிக்கும் அதுவே ஒட்டிக்கிச்சு.”

ஜன்னல் மெல்ல வெளுத்தது.

அவர் தட்டைத் துடைக்கச் சொல்லி நீட்டினார். கை, அவன் நிற்காத பக்கமாக நீண்டது.

அவன் ஓசைப்படாமல் அந்தப் பக்கம் போய் நின்று வாங்கிக்கொண்டான்.