அடைத்த துவாரம்

திருநாள் நெருங்கியதால் மிக்கேல் பெயின்ட் டப்பாவோடு வந்தான். கடலோர வீடு. படுக்கையறைக் கூரையில் வருடாவருடம் கரும்பூஞ்சை படரும். திருநாள் வந்தால் அதன்மேல் வெள்ளை அடித்துவிடுவான். இந்த வருடம் அதற்குக் கீழே படுக்கும் குழந்தைக்கு இளைப்பு.

அவன் மனைவி ஜெசிந்தா குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, உளியும் சுத்தியலுமாகப் படுக்கையறைப் பரணில் ஏறியிருந்தாள். உப்புக்காற்று வருகிறதென்று அவன் சிமென்ட் வைத்து அடைத்த காற்றுத் துவாரம் அங்கேதான் இருந்தது; அதை அடைத்ததிலிருந்துதான் அறையில் ஈரம் தங்கியது.

"இறங்குடி. பெயின்ட் அடிச்சா தெரியாது."

"யாருக்குத் தெரியாது? பிள்ளை நெஞ்சுக்கா?"

"எங்க வீட்டு ஆளுக வருவாக. ஓட்டைச் சுவரையா காட்டச் சொல்லுத?"

"காட்டும். ஒம்ம பிள்ளை ராத்திரி மூச்சுக்குத் திணறுறதையும் காட்டும்."

சிமென்ட் பெயர்ந்து வெளியே விழுந்தது. வெளிச்சம் வந்தது, காற்று அசையவில்லை. வருகிற காற்று வெளியேற எதிர்ச்சுவரிலும் ஒரு வழி வேண்டும். அந்தச் சுவருக்கு அவன் நேற்றுத்தான் நீலம் அடித்து, மேலே மாதா படத்தை மாட்டியிருந்தான்.

ஜெசிந்தா இறங்கி ஏணியை அங்கே நகர்த்தினாள்.

"மாதாவை நீரு எடுக்கீரா, நான் எடுக்கட்டா?"