கிழக்கு வாசல்

அந்தப் பெரிய நாட்டின் கோயிலில் ஒரு வழக்கம் இருந்தது. ஆண்டுத் திருவிழாவில் பூசகர் கடலுக்கு அப்பாலுள்ள ஒரு சின்னஞ்சிறு நாட்டின் பெயரைச் சொன்னதும், கூடியிருப்பவர்கள் அனைவரும் கிழக்கு வாசலை நோக்கித் திரும்புவார்கள். தங்கள் கடவுள் பிறந்த மண் அது என்பது அவர்கள் நம்பிக்கை. வாசலில் அந்த நாட்டுத் தூதரான திருமேனி என்பவர் நிற்பார். முதல் ஆண்டு, ஆயிரக்கணக்கான முகங்கள் ஒரே நேரத்தில் தன் பக்கம் திரும்பியபோது அவருக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அந்த முகங்களின் ஓட்டுக்காகப் பெரிய நாடு துணைக்கு வரும் என்று பயந்துதான் எதிரிப் படை இத்தனை காலமும் அவர் நாட்டு எல்லையைத் தாண்டாமல் இருந்தது.

இந்த ஆண்டு வந்திருந்தவர்கள் பதினோரு கிழவர்கள் மட்டும்தான். பெயரைக் கேட்டதும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்லத் திரும்பினார்கள். திருமேனிக்குப் பக்கத்தில் நின்ற அந்தப் பெரிய நாட்டின் அமைச்சரோ, வெளியே மைதானத்தில் பந்தாடிய இளைஞர் கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இனிமே இவங்க ஓட்டுதான் கணக்கு சார். உங்க நாடு எந்தப் பக்கம் இருக்குன்னே இவங்களுக்குத் தெரியாது."

கைப்பேசி அதிர்ந்தது. தன் நாட்டு எல்லையோர ஊரிலிருந்து மகள் ஆம்பல்.

"அப்பா, எல்லாரும் திரும்பினாங்களா?"

"எல்லாரும் திரும்பினாங்கம்மா."

"அப்பாடா! அப்ப ஊரை விட்டுக் கிளம்பக் கட்டி வச்ச பெட்டியெல்லாம் பிரிச்சிடறேன். நாளைக்குப் பிள்ளைங்க பள்ளிக்கூடம் போகட்டும்."

இணைப்பு துண்டானது. அந்தப் பதினோரு பேரும் இன்னும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.